மானுக்கு வாங்கிய துவக்கு

1

செத்துப்போன எங்கள் பெரியண்ணைக்காக வருடா வருடம் லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் பங்குக் கோவிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம். பங்குத் தந்தை அயர்லாந்துக்காரர், நல்ல மனிதர். ஆனால் ‘செபமாலை சூசைப்பிள்ளை’ என்ற அண்ணையின் பெயரை ஒரு வருடம் உடைத்த மாதிரி அவர் மறு வருடம் உடைப்பதில்லை. முதலில் பூசைக்கு முன்னர் உள்ளே போய் உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்தானே என்று மனைவி ரெஜினா சொன்னாள்.

சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு பூசை நாளில்தான் இது தொடங்கியது. எங்கள் ஒரே மகன் கெவின் அன்று காலைதான் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியிருந்தான். டெக்சாஸில் இருக்கும் என் தம்பி இம்மானுவேலிடம் விடுமுறைக்குப் போயிருந்தான். நான் ஹீத்ரோவில் பயணப்பொதி ஏற்றி இறக்கும் வேலையில் இருப்பவன் என்பதால், அவன் வந்த விமானத்தின் பெட்டிகளை எங்கள் பகுதி ஆட்கள்தான் இறக்கினார்கள். அவனுடைய பெட்டியை நானே கண்டுபிடித்து பெல்ட்டில் போட்டேன். அந்தச் சின்னச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

ரெஜினா நினைவு நாள் சாப்பாடு சமைத்திருந்தாள். சோறு, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. மூவரும் மேசையில் இருந்தோம். கெவினுக்கு நித்திரைக் கண். ஆனாலும் முகம் முழுக்க ஒரு வெளிச்சம். அவன் என்னிடம் தமிழில் முழு வசனம் பேசுவது அரிது. அன்றைக்குப் பேசினான்.

“அப்பா, நான் ஒரு மான் சுட்டனான்.”

சொல்லிவிட்டுக் கைபேசியைத் தண்ணீர்ச் சாடியில் சாய்த்து வைத்து வீடியோவைப் போட்டான். விடிந்தும் விடியாத நேரம். மஞ்சள் புல்லு. தம்பியின் குரல் மட்டும் கேட்கிறது: ஆறுதலாக, ஆறுதலாக என்று. தூரத்தில் ஒரு மான் தலையை நிமிர்த்துகிறது. ஒரு வெடி. மான் பின்னங்கால் மடங்கி விழுந்து, எழும்பி, ஓடப் பார்க்கிறது. அதற்குப் பிறகு வந்த வெடிகளுக்கு இடையில் மூச்சு விட இடமிருக்கவில்லை. ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது. பிறகு சிரிப்பு. தம்பி அவன் முதுகில் தட்டுகிறான். கெமரா திரும்பியபோது மகனின் கையில் இருந்ததைப் பார்த்தேன். மரமே இல்லாத, முழுக்கக் கறுப்பான, அடியில் ரவைக்கூடு செருகிய ஒரு துவக்கு.

கெவின் உற்சாகமாக விளக்கம் சொன்னான், இந்த முறை ஆங்கிலத்தில். அது செமி ஓட்டோமற்றிக். ஒரு வெடி தீர்ந்ததும் அடுத்த ரவை தானாகவே ஏறிவிடும். விரலை இழுத்தால் போதும். கண்ணை மானிலிருந்து எடுக்கவே தேவையில்லை. டெக்சாஸில் மானுக்கும் காட்டுப் பன்றிக்கும் சித்தப்பா இதைத்தான் வைத்திருக்கிறார். கடையில் போய் வாங்கலாம்.

நான் எழும்பிப் போய்க் கையைக் கழுவினேன். கோப்பையில் சாப்பாடு அப்படியே இருந்தது. அப்பாவுக்கு மான் பாவம் என்று கவலையா என்று கெவின் தாயிடம் கேட்பது குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் கேட்டது. அப்பாவுக்கு இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று ரெஜினா சொன்னாள்.

இப்படித்தான் அவனை வளர்த்தோம். எங்களுக்கு நெஞ்சில் வலித்ததையெல்லாம் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி வளர்த்தோம்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். மறுநாள் குசினியில் வைத்து, சித்தப்பாவிடம் இந்தத் துவக்கு எத்தனை காலமாக இருக்கிறது என்று கெவினைக் கேட்டேன். அவன் முழித்தான். துவக்கு எண்டால் ஸ்டார்ட் தானே அப்பா, என்றான்.

அவனுக்குத் தெரிந்தது துப்பாக்கி. அது படம் பார்த்துப் பழகிய சொல். எங்கள் வீட்டுச் சொல் அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை.

அதே சொல் எனக்கும் ஒருமுறை இந்த நாட்டில் குழி பறித்தது. அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை நடந்தபோது மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். துவக்குப் பிடியால் அடிச்சவை என்று நான் சொன்னேன். துவக்கத்திலிருந்தே அடித்தார்கள் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அவரில் பிழையில்லை, அவருடைய தமிழில் அது அப்படித்தான். பிறகு மேன்முறையீட்டில் நான் துவக்குப் பற்றிப் பேச, முதல் விசாரணையில் ஆயுதம் என்ற பேச்சே இல்லையே, இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். என் வழக்கறிஞர், விம்பிள்டன் பக்கத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பெண், இரண்டு தமிழுக்கும் உள்ள வித்தியாசத்தை நீதிபதிக்கு நெடுநேரம் விளக்கினார். நீதிபதி சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஒரு மருத்துவர். என் தோளிலும் முதுகிலும் இருக்கும் தழும்புகளைப் பார்த்தார். நித்திரையில் கத்துவேன், வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துப் போகும், நீண்ட காலம் சிகிச்சை தேவை என்றெல்லாம் சாட்சி சொன்னார். பொங்கி எழுந்து வாதாடினார் என்றில்லை. அமைதியாகச் சொன்னார், நம்பினார்கள்.

கெவின் கேட்காத, நான் சொல்லாத விசயம் இதுதான்.

நாங்கள் மன்னாரில், கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்த ஆட்கள். அது அரிவு வெட்டு நேரம். பெரியண்ணை, நான், தம்பி இம்மானுவேல் மூவரும் வயலுக்குள் நின்றோம். குளக்கட்டால் ஆமி வந்ததை யாரும் காணவில்லை. முதல் வெடியோடு எல்லோரும் ஓடினார்கள். நான் முன்னால் ஓடினேன். பெரியண்ணைக்குத் தொடையில் பட்டது. விழுந்தார். விழுந்தவர் நெற்கதிரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அதற்குப் பிறகு வந்த வெடிகளுக்கு இடைவெளி இருக்கவில்லை.

எங்கள் ஐயாவிடம் முன்னர் பயிர் காவலுக்கு அனுமதியோடு ஒரு சொட்கண் இருந்தது. ஒருமுறை சுட்டால், துவக்கை மடித்துத் திறந்து, வெறும் தோட்டாவை எடுத்துப் போட்டு, புதியதைச் செருகவேண்டும். அதற்குள் பன்றி பற்றைக்குள் போய்விடும். சுட்டவனுக்கும் ஒருதரம் யோசிக்க நேரம் கிடைக்கும். அரசாங்கம் துவக்குகளைத் திருப்பிக் கேட்டபோது ஐயா அதைப் பொலிசில் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் குளக்கட்டில் நின்றவனிடம் இருந்ததோ தானாகவே ரவை ஏறும் துவக்கு. அவன் விரலை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தான்.

முன்னால் ஓடிய நான் மறுபக்கம் நின்றவர்களின் கையில் நேரே போய் அகப்பட்டேன். முகாமில் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. துவக்கு எங்கே? இல்லாத துவக்கைக் கேட்டு அடித்தார்கள். தம்பி வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்ததால் தப்பினான். பெரியண்ணை விழுந்து எழும்பி மறுபடி விழுந்ததை முழுக்கப் பார்த்தவன் அவன்தான். நான் சத்தத்தை மட்டும் கேட்டவன்.

3

தம்பி டெக்சாஸில் இரண்டு பெற்றோல் ஷெட் நடத்துகிறான். நல்லாக இருக்கிறான். பிள்ளைகள் இருவரும் படித்து முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான். அந்தக் கிழமை அவன் அழைக்கும் வரை நான் காத்திருக்கவில்லை.

பொடியனிடம் எதற்காக அதைக் கொடுத்தாய் என்று கேட்டேன். அவன் முதலில் விளையாட்டாகப் பேசினான். அங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது, வேட்டைக்காலம் என்றால் திருவிழா மாதிரி, கெவினுக்கு நல்ல கை, பதற்றமில்லை என்றான். பிறகு செமி ஓட்டோமற்றிக்தான் மிருகத்துக்கு நல்லது என்று நியாயம் சொன்னான். முதல் வெடி சரியாகப் படாவிட்டால் காயத்தோடு ஓடி எங்கேயாவது கிடந்து வதைபடும். உடனே இரண்டாவது கொடுத்தால் அதற்கு வேதனை இல்லை.

“பெரியண்ணைக்கு எப்பிடி இருந்தது எண்டு நீதானே பாத்தனி” என்றேன்.

அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

“ஓம் அண்ணை, நான்தான் பாத்தனான். வாய்க்காலுக்குள்ளை படுத்துக் கிடக்கேக்கை நான் செபம் சொல்லேல்லை. அவன்ரை கையிலை இருக்கிறது என்ரை கையிலை இருக்கவேணும் எண்டுதான் நினைச்சனான். இண்டைக்கு அது என்ரை அலுமாரியிலை இருக்கு. எனக்கு இப்பதான் நித்திரை வருது.”

“மான் உனக்கு என்ன செய்தது?”

“மான் ஒண்டும் செய்யேல்லை. ஓடுது. அவ்வளவுதான்.”

ஒரே வயல், ஒரே நாள், ஒரே சத்தம். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால் நித்திரை போகிறது. அவனுக்கு அதை வைத்திருந்தால்தான் நித்திரை வருகிறது. எங்கள் இருவரில் யாருக்கு வருத்தம் கூட என்று எந்த மருத்துவர் சொல்வார்?

4

கெவின் அதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. அவன் வேலை செய்யும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதன் ஹாம்ப்ஷயர் பக்கத்துக் காடுகளில் மான் சுடுபவன். அவன் இவனைத் துணைக்குக் கூட்டிப் போகத் தொடங்கினான். இந்த நாட்டில் மானைத் தின்ன ஓநாயும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருகி, இளம் மரங்களையும் பயிர்களையும் தின்று தீர்க்கிறது. யாராவது சுடத்தான் வேண்டும் என்று கெவின் சொன்னான். பொய்யில்லை. நானும் விசாரித்தேன், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சொந்தமாக ஒரு துவக்கு வைத்திருக்க அவன் விண்ணப்பம் போட்டான். சித்தப்பாவிடம் இருப்பது மாதிரி ஒன்று இங்கே கிடைக்காது என்பதில் அவனுக்குச் சரியான மனவருத்தம். இங்கே மான் சுடச் செமி ஓட்டோமற்றிக் றைபிளுக்கு அனுமதியில்லை. ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ளி ரவை ஏற்றும் துவக்குத்தான். அந்தக் காலத்தில் வாழ்கிறோம் என்று கெவின் சலித்துக்கொண்டான். நானோ இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இந்த நாட்டுச் சட்டம் ஒன்றை மனதாரப் பாராட்டினேன். வெளியில் சொல்லவில்லை.

துவக்கு அனுமதி கேட்பவரின் வீட்டைப் பார்க்க ஒரு அலுவலர் வருவார். எங்களிடம் வந்தவர் மெலிந்த, வயதான மனிதர். தேநீர் வேண்டாம் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தார். துவக்கை வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டியைப் பொருத்தப்போகும் இடத்தைப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே, ரெஜினா அரிசி மூட்டை வைக்கும் இடம். சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கெவினிடம் ஏன் துவக்கு, எங்கே சுடுவாய், குடிப்பாயா, கோபம் வருமா என்றெல்லாம் கேட்டார். கெவின் நன்றாகப் பதில் சொன்னான். எனக்கே பெருமையாக இருந்தது, பாருங்கள்.

பிறகு அவர் கதிரையை எங்கள் பக்கம் திருப்பினார். இந்த வீட்டில் இருக்கும் வேறு யாருக்காவது எப்போதாவது மனநலத்துக்குச் சிகிச்சை நடந்திருக்கிறதா என்று கேட்டார்.

ரெஜினா என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல கெவின் வாயைத் திறந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஓம், எனக்கு, என்றேன். எத்தனை வருடம் என்று கேட்டார், சொன்னேன். எதனால் என்று கேட்டார், சொன்னேன். முகாம், அடி, வயல், அண்ணை, எல்லாவற்றையும் என் உடைந்த ஆங்கிலத்தில், அந்த வரவேற்பறையில், என் மகனுக்கு முன்னால் முதல் தடவையாகச் சொல்லவேண்டி வந்தது, ஒரு அந்நியருக்குப் பதில் சொல்வதாக. இப்போதும் கனவு வருகிறதா என்றார். வருகிறது என்றேன். உங்களையே ஏதாவது செய்துகொள்ள நினைத்ததுண்டா என்றார். முன்னர் என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, உங்கள் சகோதரருக்கு நேர்ந்ததற்காக வருந்துகிறேன் என்றார். உண்மையாகவே வருந்தினார். பிறகு கெவினை வாசலுக்குக் கூட்டிப் போய், இந்த முகவரிக்கு அனுமதி கிடைப்பது கடினம், இப்போதைக்கு விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள், வேறு வீட்டுக்குப் போனால் புதிதாகப் போடு என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்குக் கண்ணாடியில் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே தழும்புகள். முதலில் அவை நான் ஆபத்தில் இருக்கிறேன் என்று இந்த நாட்டுக்குச் சொன்னபோது உள்ளே விட்டார்கள். இப்போது நான்தான் ஆபத்து என்று சொல்கின்றன.

கெவின் உள்ளே வந்து என் முன்னால் நின்றான். நான் சொன்ன கதையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதிர்ச்சியாக இருந்திருக்கும், எதைக் கேட்பது என்று தெரிந்திருக்காது. அதைப் பிறகு விளங்கிக்கொண்டேன். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்.

“நீங்க இல்லை எண்டு சொல்லியிருக்கலாம், டாட்.”

பிறந்ததிலிருந்து என்னை அவன் அப்பா என்றுதான் கூப்பிட்டவன்.

உண்மையைச் சொல்லவேண்டும் என்றுதான் சொன்னேனா, அல்லது அவன் கைக்குத் துவக்கு வராமல் இருக்கவேண்டும் என்று சொன்னேனா என்று ரெஜினா பிறகு கேட்டாள். எனக்கே தெரியாது என்றேன். இந்த நாட்டு அதிகாரிகளை உண்மை சொல்லி நம்பவைக்க நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். இப்போது சொன்ன உடனேயே நம்பிவிட்டார்கள்.

5

அடுத்த வசந்தத்துக்குள் கெவின் கில்ட்ஃபோர்ட் பக்கம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். வேலைக்குக் கிட்ட என்று காரணம் சொன்னான். வேலை லண்டனுக்குள் இருந்தது. நாங்களும் ஓம், கிட்டத்தானே என்று சொல்லிச் சாமான் கட்டிக் கொடுத்தோம். ரெஜினா மிளகாய்த்தூள் வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தாள். கோவிலில் ஆட்கள் கேட்டபோது, ஷிப்ட் வேலை, போய்வர ஏலாது என்றேன். திருமணமாகாத ஒரே பிள்ளை தனி வீடு போனால் எங்கள் சனம் ஒரு பெட்டைப் பிள்ளையைத்தான் தேடும். துவக்கு ஒன்றுக்காகப் போனான் என்று யார் நம்புவார்கள்?

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பகல் அவன் தனியே வந்தான். நான் பின்வளவில் கறிவேப்பிலைச் சாடிகளை வெய்யிலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். லண்டன் வெய்யிலில் கறிவேப்பிலை வளர்ப்பதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். அவன் வந்து மறுபக்கம் பிடித்துத் தூக்கினான்.

“சித்தப்பா எல்லாம் சொன்னவர், அப்பா. வயல். பெரியப்பா விழுந்து எழும்பினது. ஏன் நீங்க எனக்குச் சொல்லேல்லை?”

“எந்தப் பாஷையிலை சொல்லுறது, தம்பி? எனக்கு வருற பாஷை உனக்கு வராது. உனக்கு வருறது எனக்கு வராது.”

அவன் சாடியைக் கீழே வைத்தான். ஆங்கிலத்தில் தொடங்கி, நிறுத்தி, தமிழுக்கு வந்தான். ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் பேசினான்.

“நான் மானைத்தான் சுடுறன். பெரியப்பாவைச் சுட்ட ஆள் நான் இல்லை.”

“அது எனக்குத் தெரியும்.”

“தெரியாது, அப்பா. நீங்க என்னை அப்பிடித்தான் பாக்குறீங்க. அண்டைக்கு வீடியோ பாத்ததிலை இருந்து.”

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. இல்லை என்று மறுக்க வாய் வந்தது, மனம் வரவில்லை. வேட்டை அவனுக்கு என்னவாக இருக்கிறது என்று அவன் சொல்லப் பார்த்தான். காட்டுக்குள் விடியும்போது ஒரு சத்தமும் இல்லாமல் படுத்துக் கிடப்பது, குளிர், பறவைகள், தன்னைப் பற்றிய நினைப்பே இல்லாமல் போவது. அவனுக்கு அங்கே நிம்மதி கிடைக்கிறது. நிம்மதி தேடி நாங்கள் கடல் கடந்து வந்தோம். எங்களுக்குக் கிடைக்காதது அவனுக்கு ஒரு காட்டில் கிடைக்கிறது. நான் சந்தோஷப்பட வேண்டும். அந்தக் காட்டில் அவன் எதற்காகப் படுத்துக் கிடக்கிறான் என்பதை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

கார்த்திகையில் மறுபடியும் டெக்சாஸ் போகப்போவதாகச் சொன்னான். சித்தப்பா அவனுக்கென்றே ஒன்று வாங்கி வைத்திருக்கிறாராம், தன்னுடையதைப் போலவே. போகாதே என்று சொல்லமாட்டேன், எனக்கு எதையும் காட்டாதே என்றேன். சரி என்றான். அதன் பிறகு அவன் எனக்கு ஒரு படமும் காட்டியதில்லை, வேட்டைப் படம் மட்டுமல்ல. போன இடம், சாப்பிட்ட சாப்பாடு, சிநேகிதர் கலியாணம், எல்லாம் தாயின் கைபேசிக்கு மட்டும் வரும். பேச்சை அவன் அப்படி விளங்கிக்கொண்டான். திருத்திச் சொல்ல நானும் போகவில்லை.

தம்பி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறான். காலநிலை, முழங்கால், ஊரில் காணி எல்லை, யார் செத்தது. அந்தச் சாமானைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. ஒருநாள் அவன் மனைவி மட்டும் ரெஜினாவிடம் சொல்லியிருக்கிறாள்: மான் விழுந்த பிறகு அவர் கிட்டப் போக மாட்டாராம். கெவின் நிற்கும்போதெல்லாம் அவன்தான் போய்ப் பார்க்கவேண்டுமாம். அவர் தூரத்தில் நின்று, எழும்புதோ, எழும்புதோ என்று கேட்டுக்கொண்டே நிற்பாராம்.

6

கெவினுக்குப் புது முகவரியில் அனுமதி கிடைத்தது. கையால் இழுத்துத் தள்ளும் துவக்கு ஒன்று வாங்கினான். வாங்கிய கிழமையே வந்து ரெஜினாவிடம் தன் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்டான். அவன் வேலைக்குப் போயிருக்கும்போது அவள் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, உடுப்பும் மடித்து வைத்துவிட்டு வருவாள். அதற்காக அவனே கொடுத்த சாவி. வீட்டுக்குள் வேறு யாரும் தன்னிச்சையாக வந்துபோக மாட்டார்கள் என்று அலுவலரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னான். வேறு யார் என்று நான் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் தாயைப் பார்த்துக்கொண்டு சொன்னதிலேயே விளங்கியது. ரெஜினா சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். வளையத்தில் நகம் மாட்டி அவளுக்கு இரத்தம் வந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவனைப் பார்க்கப் போனோம். வருவதாக முதலே சொல்லியிருந்தோம். ரெஜினா இறால் பொரியலும் புட்டும் கட்டி எடுத்து வந்தாள். போய்ச் சேர்ந்தபோது மழை. மணியை அடித்தோம், அவன் இல்லை. வாசலில் ஒதுங்கி நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவனுடைய கார் வந்தது. பச்சை உடுப்பு, சப்பாத்தெல்லாம் சேறு. எங்களைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது, அதில் பொய்யில்லை. பிறகு காரின் பின்கதவைத் திறந்து நீளமான ஒரு பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது அந்த முகம் மாறியது.

“ரெண்டு நிமிசம் வெளியிலை நில்லுங்கோ, அம்மா” என்றான். என்னிடம் சொல்லவில்லை.

கதவைத் திறந்து தான் மட்டும் உள்ளே போனான். கதவு எங்கள் முகத்துக்கு முன்னால் சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் நாயோடு வந்தவள், ஏன் மழைக்குள் நிற்கிறீர்கள், மகன் இல்லையா என்று கேட்டாள். இருக்கிறான், இப்போது திறப்பான் என்று ரெஜினா சொன்னாள். அந்த ஆங்கிலம் அவளுக்கு நன்றாகவே வந்தது.

அவள் போன பிறகு ரெஜினா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அவளுடைய தோள் நனைந்தது. அவன் சட்டப்படிதானே செய்கிறான் என்றாள். ஓம் என்றேன். புட்டுப் பார்சலின் சூடு என் கைக்குள் ஆறிக்கொண்டிருந்தது. கீழ்த்தட்டு வீடு, மெல்லிய கதவு. உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். பையின் சிப் திறந்தது. இரும்புப் பெட்டியின் கதவு சாத்தப்பட்டது. சாவி ஒருமுறை திரும்பியது. பூட்டு விழுந்ததா என்று அவன் பிடியை இழுத்து இழுத்துப் பார்ப்பதும் கேட்டது.

அதன் பிறகுதான் எங்கள் மகன் எங்களுக்குக் கதவைத் திறந்தான்.